கொக்கின் தலையில் வெண்ணெய்: கொழும்பில் பஸ் ஏறிப் பறவை பார்ப்பது

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மருத்துவர் ஐயா, தர்மகர்த்தா ஐயா, மகளிர் அணிச் செயலாளர் அம்மா அவர்களே, டியூஷன் வகுப்பை விட்டுவிட்டு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, நாலு மணியிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

அதிபர் ஐயா கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்ததாம். அப்படியிருந்தும் நேரத்துக்கு வந்தார். நேரத்துக்குத் தொடங்காத குற்றம் எங்களுடையது. தர்மகர்த்தா ஐயா மண்டபத்துக்கு மின்விசிறி தந்தவர். இன்றைக்குச் சுற்றுவது அதில் நாலு. எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கும் நன்றி. ஆனால் பறவை பார்க்கப் போகிறவர் தவிர்க்க வேண்டிய உடை எது என்று கேட்டால், இந்தச் சிவப்பும் ஜரிகையும்தான். அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலேயே நாரை எழும்பிவிடும்.

ஒரு பழமொழியோடு தொடங்குகிறேன். கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடித்த கதை. வெயில் ஏறமுதல் பதுங்கிப் பதுங்கிப் போய், கொக்கின் தலையில் வெண்ணெய்க் கட்டியை வைக்கவேண்டும். வெயிலுக்கு அது உருகிக் கண்ணில் வடியும், கொக்குக்குக் கண் தெரியாது, அப்போது லபக்கென்று பிடிக்கலாம். அட, வெண்ணெய் வைக்குமளவுக்குக் கிட்டப் போனவன் அப்போதே பிடித்திருக்கக்கூடாதா?

பறவை பார்க்க ஆசை என்று சொல்கிறவர்கள் நம்மில் இப்படித்தான் இருக்கிறார்கள். முதலில் கமரா வாங்கவேண்டும். பிறகு வான் வண்டி பிடிக்கவேண்டும். பிறகு புந்தலவுக்கோ குமனைக்கோ போக மூன்று நாள் லீவு வேண்டும். லீவு கிடைப்பதற்குள் ஏப்ரல் வந்துவிடும், பறவையும் போய்விடும். தெகிவளைச் சந்தியிலிருந்து மகரகமவுக்குப் போகும் 119 பஸ், 372 ஹெக்டேயர் சரணாலயம் ஒன்றின் பக்கத்தால் ஓடுகிறது. பெல்லன்வில அத்திடிய. 1990-இல் பிரகடனப்படுத்தியது. வெண்ணெயே தேவையில்லை.

இன்றைக்கு ஐந்து விடயங்கள் சொல்வதாக இருக்கிறேன். எங்கே, எந்த பஸ்ஸில் போவது, எதைக் கொண்டுபோவது, எப்படிப் பார்ப்பது, ஏன் குழுவோடு போகவேண்டும், பறவைகளுக்குத் தமிழ்ப் பெயர். தலைவர் மணியைக் கையிலேயே வைத்திருக்கிறார், பார்ப்போம்.

கொழும்பில் குளிர்காலம் என்றால் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பதுதான். ஆனால் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் இருக்கும் பறவைக்கு அது வேறு விடயம். தெற்கே வந்துகொண்டே இருந்தால் இலங்கைதான் கடைசித் தரை; தேவேந்திரமுனைக்கு அப்பால் அந்தாட்டிக்கா வரைக்கும் தண்ணீர்தான். அதனால் செப்டெம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நம்மிடம் தங்குகின்றன. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை உண்டு. கொழும்புப் பக்கம் காலைப்பொழுது நம்பிக்கையாக இருப்பது ஜனவரி, பெப்ரவரியில். அப்போது சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.20-க்கு. அந்த நேரத்தில் நீங்கள் குளக்கரையில் நிற்கவேண்டும், வீட்டு வாசலில் அல்ல. ஒன்பதரைக்குப் பிறகு வெயிலில் காற்று அலையடிக்கும், ஸ்கோப் என்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கியில் எல்லாம் கலங்கும், பறவையும் நிழலுக்குப் போய்விடும்.

இடங்களுக்கு வருகிறேன். பெல்லன்விலவுக்கு 119 என்று சொல்லிவிட்டேன். தலங்கம குளத்துக்குப் பொரளையிலிருந்து கொட்டாவ போகும் 174. பாலம் துன சந்தியில் இறங்கி முச்சக்கரவண்டி. காக்கைத்தீவுக்கு 155-இல் மட்டக்குளி வரைக்கும் போய்விடலாம். களனி கங்கை கடலில் விழும் இடம், ஆலா என்ற நீர்ப்பறவைகளும் மணல்கரைச் சின்னப் பறவைகளும் அங்கே. முத்துராஜவெலப் பக்கம் போகிறவர்களுக்கு நீர்கொழும்பு 240. முழுநாளும் கையில் இருந்தால் சிலாபம் தாண்டி ஆனைவிழுந்தான். பலகையில் ஆனவிலுந்தாவ என்று இருக்கும், பயப்படவேண்டாம், ஆனை விழுந்த அதே இடம்தான். 12-ஆம் நூற்றாண்டுத் தொடர்குளங்கள், 2001-இல் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, 1,397 ஹெக்டேயர். புத்தளப் பாதை ரயிலிலும் போகலாம், ஆனால் வடக்கே போகப்போக ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டிக்காகக் காத்து நின்று நீங்கள் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். புறக்கோட்டையிலிருந்து விடிய முதல் புத்தளம் பஸ்ஸைப் பிடியுங்கள். வரும்போது ரயிலில் வாருங்கள், தூங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று சனிக்கிழமையே அந்தத் தரிப்பிடத்தில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். சில்லறை கொண்டுபோங்கள், விடியற்காலை ஐந்தரைக்குக் கண்டக்டரிடம் ஆயிரம் ரூபா நோட்டை நீட்டினால் அன்றைய முதல் வேட்டைப் பறவையை அங்கேயே பார்த்துவிடலாம். ஏசி வாகனத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று. குளிர்ந்த பைனாகுலர் கண்ணாடி வெளியே வந்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதில் படிந்து பனிமூட்டமாகும். துடைக்கத் துடைக்க மறுபடி மூடும். பையைத் திறக்காமல் வைத்துத் தானாகச் சூடேற விடவேண்டும். சாதாரண பஸ்ஸில் ஜன்னலோரம் வந்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இருபது மடங்கு காசு கொடுத்து வான் வண்டியில் வந்தவர் கண்ணாடி துடைத்துக்கொண்டு நிற்க, 119-இல் வந்தவர் பார்த்துவிடுகிறார். கொக்கின் தலையில் வெண்ணெய்.

எதைக் கொண்டுபோவது? 8×42 பைனாகுலர்; அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் அகலம் 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வேண்டாம்; கை நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கும். 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால். அந்த அளவு மில்லிமீட்டர் ஒளிவட்டம் கண்ணுக்குள் வரும், விடியற்காலை மங்கலிலும் தெரியும். 10×25-இல் இரண்டரைதான். வாங்கியதும் வலது பக்கத்தை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, வலக்கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே இலையைத் தெளிவாக்குங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்குழலை உள்ளே இறக்கவேண்டும். இதைச் செய்யாமல்தான் பலர் தலையிடி என்று சொல்லி மூலையில் வைத்துவிடுகிறார்கள். வெள்ளவத்தையின் கடற்காற்றில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். தோல் உறையில் வைக்காமல், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர், நீளக்கைச் சட்டை, நுளம்புக்குப் பூச. அணைக்கட்டை விட்டுச் சேற்றில் இறங்கவேண்டாம். கொழும்புச் சதுப்புகளில் முதலை உண்டு, பகிடி இல்லை.

அடையாள அட்டை. இதைத் தனியாகச் சொல்கிறேன். தலங்கமவுக்குப் பக்கத்தில் அக்குரேகொடவில் பாதுகாப்புத் தலைமையகம், தியவன்னாவில் பாராளுமன்றம். கழுத்தில் பைனாகுலர், வாயில் தமிழ், கண் அந்தப் பக்கம் என்றால் விளக்கம் சொல்ல அரைநாள் போய்விடும். குழுவோடு போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976-இல் தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழு இருக்கிறது. 1943-இலிருந்து சிலோன் பறவைக் கழகம் இருக்கிறது. சேருங்கள்.

குழு என்றதும் ஒரு கதை. ஒரு குளக்கரைக்குப் பத்துப் பேர் போயிருக்கிறார்கள். முக்காலியை விரித்து, ஸ்கோப்பைப் பூட்டி, ஒருவர் குனிந்து பார்க்கிறார். பக்கத்தில் ஒருவர் நோட்டுப்புத்தகத்தில் எண் எழுதுகிறார். இன்னொருவர் கையை நீட்டி, "அந்த மின்கம்பத்திலிருந்து இடப்பக்கம் இருபது" என்கிறார். கரை வீட்டுக்காரர் பார்த்தார். முக்காலி, எண், கைநீட்டு, சேர்த்துப் பார்த்தால் என்ன? நில அளவையாளர்! வீதி போடக் காணி எடுக்க வந்துவிட்டார்கள்! பத்து நிமிடத்தில் முப்பது பேர். ஒருவர் உறுதிப்பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் சங்கத் தலைவரைக் கூட்டிவர, அவர் பல்துலக்கும் பிரஷ் வாயிலிருக்க வந்து, எந்தத் திணைக்களம் என்று கேட்கிறார். குருவி பார்க்கிறோம் என்றால் யார் நம்புவது? பத்துப் படித்த ஆட்கள், ஞாயிறு விடியக் குருவி பார்க்கவா? கடைசியில் குழுவிலிருந்த பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன், கூட்டத்தில் வயதான ஆச்சி அம்மாவைக் கூப்பிட்டு ஸ்கோப்பில் கண் வைக்கச் சொன்னான். ஆச்சி குனிந்தார். சத்தமில்லை. பிறகு சிங்களத்தில் கத்தினார்: "அடே, கித்தலா!" கித்தலா என்றால் நம் நீலத் தாழைக்கோழி. "எங்கட வயலை நாசமாக்கிற மூதேவி! இவ்வளவு வடிவா இது?" அறுபது வருடம் கல்லெறிந்து விரட்டிய கோழியின் சிவப்பு நெற்றியை அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார். பிறகு வரிசை. உறுதிப்பத்திரக்காரரும் வரிசையில். பிளேன்டீ வந்தது, மாலுபாண் வந்தது. போகும்போது ஆச்சி, "அடுத்த மாதமும் எண்ண வாங்கோ, எண்ணினா குளத்தை மண்போட்டு நிரப்பமாட்டாங்கள்" என்றாராம்.

அதிபர் ஐயா சிரிக்கிறார், நன்றி. ஆனால் ஆச்சி சொன்னதைக் கவனியுங்கள். எப்படிப் பார்ப்பது என்ற மூன்றாவது விடயம் முழுவதும் அதில் இருக்கிறது.

முதலில் கண் பழகவேண்டும். வெள்ளையாக இருந்தால் கொக்கு என்கிறோம். 119-இல் இறங்கிய இடத்திலேயே நாலு வகை நிற்கும். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. பாதம் சேற்றுக்குள் இருந்தால் அது அடியெடுக்கும்வரை பொறுங்கள். அலகு மஞ்சள், கழுத்துக் கட்டை, மாட்டின் பின்னால் நடந்தால் உண்ணிக்கொக்கு. மற்ற இரண்டுக்கும் அலகின் மூலையிலிருந்து பின்னால் போகும் வாய்க்கோட்டைப் பாருங்கள். கோடு கண்ணுக்குக் கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. இவை வருடம் முழுவதும் இருப்பவை, கண்ணுக்குப் பயிற்சி. பிறகு விருந்தாளிகள். கரைக்கல்லில் நின்று பின்பக்கத்தை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டுவது உள்ளான். நெஞ்சோரத்து வெள்ளை இறக்கைக்கு முன்னால் பிறையாக மேலேறும். முதுகில் வெள்ளைப் புள்ளி தூவி, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், மஞ்சள்கால் என்றால் பொறி உள்ளான்.

பிறகு எண்ணுங்கள். "நிறைய", "கொஞ்சம்" என்று எழுதவேண்டாம். கூட்டமாக இருந்தால் பத்தை எண்ணி, அந்தப் பத்தின் அகலத்தைக் கண்ணில் பிடித்து, கூட்டத்தின்மேல் எத்தனை தடவை வைக்கலாம் என்று பாருங்கள். மீசை ஆலா தண்ணீருக்குமேல் அங்குமிங்கும் அலைவது. அதைக் கூட்டிக்கொண்டே போனால் ஆறு ஆலா அறுபதாகும். ஒரே பார்வையில் அதிகம் எத்தனை தெரிந்ததோ அதை மட்டும் எழுதுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பேர். அடுத்த மாதம் அதே கரை, அதே நேரம். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, 1987-இலிருந்து நடப்பது. உங்கள் எண் அதிலும் சேரும்.

ஏன் இவ்வளவு கரிசனை? 2018 ஒக்டோபரில் டுபாயில் உலகத்தின் முதல் பதினெட்டு ராம்சார் ஈரநில நகரங்களை அறிவித்தபோது கொழும்பும் அதில் ஒன்று. 2010 நவம்பர் மழையில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததும் இதே நகரத்தில்தான். தண்ணீர் போய் நிற்கவேண்டிய இடத்தில் மண்ணைக் கொட்டினால் அது வேறெங்கே போகும்? சரணாலயம் என்று பலகை இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் 1937-இலிருந்து இருக்கிறது. அதன்படி சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். லொறி இரவில் வரும். சதுப்பை நிரப்பிவிட்டு, மிச்சத்தில் நடைபாதை போட்டு, சீமெந்துக் கொக்கொன்றை நிறுத்தி, பறவைக்குப் பூங்கா என்பார்கள். வெண்ணெய்! அப்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: போன ஜனவரியில் இங்கே எத்தனை, இந்த ஜனவரியில் எத்தனை? எண் இல்லாதவன் வாய் கத்தி என்ன பலன்? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பாடசாலைகள் ஒவ்வொன்றும் ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பாடசாலை, ஒரு கரை, மாதம் ஒரு ஞாயிறு. அதிபர் ஐயா முன்னிலையில் கேட்கிறேன், அவர் தலையாட்டியதை எல்லோரும் பார்த்தீர்கள்.

மணி அடித்துவிட்டது. தமிழ்ப் பெயர் பற்றிச் சொல்ல வைத்திருந்தது அப்படியே இருக்கிறது. ஒன்றே ஒன்று: காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் நம் தோட்டங்களில் இரட்டை விசில் அடிக்கும் பச்சை முதுகுப் பறவைக்கு ஆறுமணிக்குருவி என்று பெயர் வைத்தவர்களிடம் கடிகாரமும் இல்லை, பைனாகுலரும் இல்லை.

வரும் ஞாயிறு, தெகிவளைச் சந்தி, 119 தரிப்பிடம், காலை 5.15. வெள்ளைச் சட்டை வேண்டாம். பேனை வேண்டாம், பனி ஈரத்தில் மை பரவும். பென்சில் கொண்டுவாருங்கள், இரண்டாக. ஒன்று எப்படியும் தண்ணீருக்குள் விழும். வணக்கம்.