15 நாளையும் அளந்து போடுங்கள்

உலகக் கதிரியல் நாளை ஒட்டி உதகையில் மருத்துவ மாணவர்களிடையே ஆற்றிய உரை

தலைமை ஏற்றிருக்கும் டீன் அவர்களே, அடுத்தடுத்த கூட்டங்களுக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களே, கதிரியல் துறைத் தலைவர் அம்மா அவர்களே, மண்டபத்தையும் சூடான டீயையும் ஏற்பாடு செய்த அரிமா சங்கத்து நண்பர்களே, குன்னூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் வந்திருக்கும் மூத்த மருத்துவர்களே, கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக இந்த மழையில் மலையேறி வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, முன்வரிசையைக் காலியாக விட்டுக் கடைசி வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய பெரியவர்களுக்குத் தனி நன்றி. நவம்பர் மாதத்து ஊட்டியில் பொன்னாடைக்கு உண்மையிலேயே பயன் உண்டு.

ரேடியாலஜி ரெசிடென்சிக்கு, அதாவது கதிரியல் மேற்படிப்புப் பயிற்சிக்குப் போக நினைப்பவர்கள், மாணவரே துறையைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் எலெக்டிவ் பயிற்சியை எப்படித் திட்டமிட வேண்டும் என்பது தலைப்பு. காலம், இடம், கடிதம், ஆராய்ச்சி, நேர்காணல் என்று ஐந்து செய்திகள் சொல்வதாக அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்கள். ஐந்துக்கும் சேர்த்து நம் பாட்டிமார் ஒன்றே சொல்லி வைத்திருக்கிறார்கள்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

முதலில் காலம். 2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் எலெக்டிவுக்கு இரண்டு மாதம் கொடுத்தது. இப்போது அது ஒரு மாதம். 15 நாள், 15 நாளாக இரண்டு பகுதி. முதல் பகுதி ஆய்வகம் அல்லது ஆராய்ச்சி, இரண்டாவது பகுதி மருத்துவத் துறை. விட்டுப்போன வார்டு போஸ்டிங்கை ஈடுகட்ட இந்த நாட்களைப் பயன்படுத்தக் கூடாது. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: நம் நாட்டில் எம்.டி. ரேடியோடயக்னோசிஸ் இடம் நீட் பி.ஜி. போன்ற நுழைவுத் தேர்வுகளின் தரவரிசைப்படிதான். எலெக்டிவுக்கு அதில் அரை மதிப்பெண்கூடக் கிடையாது. இங்கேயே படிக்கப் போகிறவருக்கு எலெக்டிவ் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தரும்: இருட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து, நோயாளியின் நன்றியை வேறு டாக்டர் வாங்கிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு, இந்த வேலையை நம்மால் விரும்பிச் செய்ய முடியுமா?

அமெரிக்கா போகிறவர்களின் கணக்கு வேறு. அங்கே ஓராண்டு இன்டர்ன்ஷிப், பிறகு நான்காண்டு டயக்னாஸ்டிக் ரேடியாலஜி. செப்டம்பர் கடைசியில் விண்ணப்பங்கள் புரோகிராம்களின் கைக்குப் போய்விடும். அதற்குள் சிபாரிசுக் கடிதங்கள் ஏறியிருக்க வேண்டும். அப்படியானால் கடிதம் தரப்போகும் எலெக்டிவ் ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும். அங்கே ஒரு எலெக்டிவ் பெரும்பாலும் நான்கு வாரம். அதற்கு ஆறு முதல் ஒன்பது மாதம் முன்பே எழுதிப் போட வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு எலெக்டிவ் கிடைக்காது. நோயாளியைத் தொடாமல் வேடிக்கை பார்க்கும் அப்சர்வர்ஷிப்தான் மிஞ்சும். ஹவுஸ் சர்ஜனை மாணவராக ஏற்கும் பல்கலைக்கழகமும் உண்டு, ஏற்காததும் உண்டு. கட்டணம் கட்டும் முன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

காகிதங்களில் சறுக்குவது ஊசி விஷயத்தில்தான். தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி-க்கு ஊசி போட்ட அட்டை மட்டும் போதாது, பல இடங்களில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவும் கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி அளவு 10-க்குக் கீழே வந்தால் மறுபடி ஊசி, மறுபடி பரிசோதனை என்று மாதங்கள் ஓடிவிடும். பி.சி.ஜி. போட்ட நம் கையில் காசநோய்க்கான மாண்டூ தோல் சோதனை வீங்கித் தொலைக்கும், அதற்குப் பதில் ஐ.ஜி.ஆர்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையாகக் கொடுங்கள்.

இரண்டாவது, இடம். ரேடியாலஜிக்குப் போகிறோம் என்று கிடைத்த வாரத்தையெல்லாம் ரேடியாலஜியிலேயே கொட்டுபவர்கள் உண்டு. வேண்டாம். அதைக் கற்க நான்கு வருடம் வருகிறது. சொந்தக் கல்லூரியில் ஒன்று, வெளியே ஒன்று போதும். மிச்சத்தை ஐ.சி.யு., எலும்பு அறுவை, அவசரப் பிரிவு, நோயியல் என்று பிரியுங்கள். அமெரிக்காவில் இன்டர்ன்ஷிப் ஆண்டுக்குத் தனியாக விண்ணப்பிக்கும்போது மெடிசின் அல்லது சர்ஜரி பேராசிரியரின் கடிதம் வேண்டியிருக்கும். நான்கு கடிதமும் ரேடியாலஜிஸ்டுகளுடையதாக இருந்தால் அங்கே மாட்டிக்கொண்டு நிற்பீர்கள். ஒரு புரோகிராமுக்கு அனுப்பக்கூடியது மொத்தமே நான்கு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

மூன்றாவது, கடிதம். ரேடியாலஜி எலெக்டிவின் பெரிய ஆபத்து, மாணவருக்கு அங்கே வேலையே இல்லை என்பது. வார்டில் ரத்தம் எடுக்கலாம், கேஸ் ஷீட் எழுதலாம். இங்கே முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த இருட்டில் யாருக்கும் கண் சொக்கும். முடிவில் கடிதம் கேட்டால் ‘நேரத்துக்கு வந்தார், பண்பானவர்’ என்று எழுதித் தருவார்கள். அது கடிதமே அல்ல.

இங்கே ஹவுன்ஸ்ஃபீல்டு கதையைச் சொல்லாமல் முடியாது. சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் அல்ல, பொறியாளர். வேலை பார்த்ததோ இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனியில். பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, கணக்குப் போட்டு, உடம்பின் ஒரு துண்டைப் படமாக்கலாம் என்கிறார். முதல் சோதனையில் ஒரே ஒரு படத்துக்கு அளவுகள் எடுக்கவே ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாள், ஐயா! அதைக் கணினி கணக்குப் போட இன்னும் இரண்டரை மணி நேரம். பிறகு எக்ஸ்ரே குழாய் வைத்து ஒன்பது மணி நேரமாகக் குறைத்தார். மனித மூளைக்குப் போகும் முன் மாட்டு மூளை வேண்டும். கசாப்புக் கூடத்திலிருந்து வாங்கி வந்தால் படம் சரியாக வரவில்லை. ஏன்? மாட்டைத் தலையில் அடித்து மயக்கியதில் மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. யூத முறைப்படி அறுக்கும் கூடத்துக்குப் போய், கழுத்தில் வெட்டிய மாட்டின் மூளையாக வாங்கினார். அதைப் பையில் போட்டுக்கொண்டு லண்டன் நகரைக் குறுக்காகக் கடந்தார் மனிதர்! பக்கத்து இருக்கையில் இருந்தவருக்குப் பையில் இருப்பது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைசி வரிசை சிரிக்கிறது, நல்லது, விழித்திருக்கிறீர்கள். இந்த ஆளை நம்பியவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற ரேடியாலஜிஸ்ட். அவர் எடுத்தவுடன் வாக்குக் கொடுக்கவில்லை. கட்டியுள்ள மூளை ஒன்றை ஜாடியில் வைத்துக் கொடுத்து, இதைப் படம் எடுத்து வாருங்கள் என்றார். வந்த படத்தில் கட்டி தெரிந்தது. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு ஸ்கேன். 1979-இல் ஆலன் கார்மாக் என்ற இயற்பியலாளரோடு சேர்த்து ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் பரிசு.

நீங்களும் முதல் நாளே கடிதம் கேட்காதீர்கள், ஒரு ஜாடி கேளுங்கள். ‘இந்த வாரம் அறுவைக்குப் போகும் ஐந்து வயிற்று சி.டி.க்களைத் தொடர்ந்து, பயாப்சி முடிவோடு ஒப்பிட்டு வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் பேசட்டுமா மேடம்?’ என்று கேளுங்கள். காலையில் அரை மணி முன்னதாகப் போய் அன்றைய பட்டியலைப் பார்த்து, உங்கள் ரிப்போர்ட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அவர்களுடையதோடு ஒப்பிடுங்கள். இரண்டாம் வாரம் குறை எதுவென்று கேளுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்துவிடுங்கள். விட்டுக்கொடுக்காத கடிதத்தை யாரும் மதிப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: கர்ப்பிணிக்கு ஸ்கேன் நடக்கும் அறையில் ஸ்கேன் கருவியின் புரோபைக் கையில் எடுக்காதீர்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் மாணவர் என்று பார்க்காது.

நான்காவது, ஆராய்ச்சி. டீன் அவர்களும் இணை இயக்குநர் அவர்களும் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ரத்தச் சிவப்பணுவை அரிவாள்போல வளைக்கும் அரிவாள் செல் மரபணு இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது எங்கே தெரியுமா? 1952-இல், இதே நீலகிரியில், பழங்குடி மக்களிடம். லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அதை எழுதினார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர் குடிகளில் இன்றும் அந்த நோயோடு குழந்தைகள் வளர்கிறார்கள். கைவிரல் வீங்கி வரும் ஒரு வயதுக் குழந்தையின் எக்ஸ்ரேயில் முதல் வாரம் சதை வீக்கம் தவிர ஒன்றும் தெரியாது. 10 நாள் கழித்து எடுத்தால்தான் எலும்பின் மேல் புதுக் கோடு தெரியும். இடுப்பு வலிக்கிற இளைஞனுக்குத் தொடை எலும்புத் தலை செத்துக்கொண்டிருக்கும், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபடும். எந்தப் பெரிய நகரத்து எலெக்டிவிலும் இவ்வளவு கிடைக்காது.

இவற்றைவிட முக்கியமானது டி.சி.டி. (டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர்) பரிசோதனை. 2 முதல் 16 வயது வரை அரிவாள் செல் நோயுள்ள குழந்தைக்கு, காதுக்கு மேலே நெற்றிப்பொட்டு எலும்பு வழியாக 2 மெகாஹெர்ட்ஸ் டாப்ளர் ஒலியலைக் கருவி வைத்து மூளை ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை அளப்பது. ஊசி இல்லை, கதிர் இல்லை. சராசரி உச்ச வேகம் நொடிக்கு 200 செ.மீ. எட்டினால் பக்கவாதம் வரும் அபாயம் அதிகம், ரத்தம் ஏற்றித் தடுக்கலாம் என்று 1998-இல் அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. அந்த 200 என்பது அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளிடம் அளந்த எண். நம் பழங்குடிக் குழந்தைகளுக்குக் கருவில் இருந்தபோது உருவான வகை ஹீமோகுளோபின் பிறந்த பிறகும் கூடுதலாகத் தங்கும், பக்கவாதம் குறைவு என்கிறார்கள். அப்படியானால் நம் குழந்தைக்கு எந்த எண்? அளந்தால்தானே தெரியும்! ஆற்றில் போடுவதற்கே அளவு கேட்கிற ஊரில், குழந்தையின் மூளைக்கு அளவு வேண்டாமா?

என் கோரிக்கை எளியது. எலெக்டிவின் முதல் 15 நாளில் இந்த ஆய்வுக்கான செயல்திட்டமும் படத் தொகுப்பும். இரண்டாவது 15 நாள் கூடலூரில், ரேடியாலஜிஸ்ட் மேற்பார்வையில் டி.சி.டி. ஆண்டுக்கு ஆறு மாணவர் போதும். கிராமப்புற மருத்துவமனையிலும் எலெக்டிவ் செய்ய விதியில் இடம் இருக்கிறது. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மூன்று மாதம் முன்பே மனுப் போட வேண்டும். பெற்றோரிடம் அவர்கள் மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். படத்தில் பெயர், எண் எதுவும் தங்கக் கூடாது. செல்போனில் படம் பிடிப்பது அறவே கூடாது. தூங்கும் குழந்தைக்கும் காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்கும் வேகம் கூடுதலாகக் காட்டும். அழ வைத்து எடுத்த அளவும் கணக்கில் சேராது. படமும் காட்டும் சாதாரண அல்ட்ராசவுண்டு மெஷினில் எடுத்தால் எண் சற்றுக் குறைவாக வரும் என்பதையும் ரிப்போர்ட்டில் குறிக்க வேண்டும்.

தலைவரிடமிருந்து துண்டுச் சீட்டு வந்துவிட்டது. அமெரிக்க நேர்காணலைப் பற்றி ஒன்றே ஒன்று: நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். நியூயார்க் காலை 9 மணி அதுவரை நமக்கு மாலை 6.30, அதன் பிறகு 7.30. மழைக்காலத்து மாலையில் நம் ஊர் கரண்டை நம்பாமல் இன்வெர்ட்டரும் இரண்டாவது நெட் கார்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடலூர் எலெக்டிவுக்கான மனுவை எழுதியே கொண்டு வந்திருக்கிறேன். டீன் அவர்கள் மேடையிலேயே பெற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். சேர விரும்பும் மூன்றாமாண்டு மாணவர்கள், டீ மேசைக்குப் பக்கத்தில் செவிலியர் சகோதரியிடம் இருக்கும் நோட்டில் பெயரும் ஹெபடைடிஸ் பி ஊசி போட்ட தேதியும் எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.