சண்டையே இல்லாத ஒரு ட்ராய் படம்

எல்லாருக்கும் வணக்கம். ட்ராய் போர்னு சொன்னாலே நம்மள்ல நிறைய பேருக்கு 2004ல வந்த ப்ராட் பிட் படம்தான் ஞாபகம் வரும். கிரேக்க வீரன் அக்கிலீஸ், ட்ராய் இளவரசன் ஹெக்டர், கிரேக்கப் படை உள்ள ஒளிஞ்சு ஊருக்குள்ள வந்த மரக்குதிரை. நான் இன்னைக்குப் பேசப்போற படம், அந்தக் குதிரை ஊருக்குள்ள போயி எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் ஆரம்பிக்குது. பேரு 'தி ட்ரோஜன் விமன்', 1971ல வந்துச்சு. ஆம்பளைங்களைக் கொன்னாச்சு, ஊரு புகைஞ்சுக்கிட்டு இருக்கு. மதிலுக்கு வெளிய பொம்பளைங்களை உக்கார வெச்சு, யாரு யாருக்கு அடிமைன்னு பங்கு பிரிக்கிறாங்க. அவ்வளவுதான் கதை.

எடுத்தவர் மைக்கேல் காக்கோயானிஸ், 'ஸோர்பா' படம் எடுத்தாரே, அவரு. அப்ப கிரீஸ்ல ராணுவ ஆட்சி நடக்குது, 1967லேர்ந்து 74 வரைக்கும். அதனால இந்தப் படத்தை ஸ்பெயின்ல எடுத்தாரு. இசை மிக்கிஸ் தியோடராக்கிஸ். ராணுவம் அவரைச் சிறையில போட்டுச்சு, அவரு பாட்டையே தடை பண்ணுச்சு. இது தெரிஞ்சு அந்த இசையைக் கேட்டீங்கன்னா வேற மாதிரி இருக்கும்.

மூலக்கதை, பழைய கிரேக்க நாடக ஆசிரியர் யூரிப்பிடீஸோட நாடகம். கி.மு. 415ல ஏதென்ஸ்ல போட்டாங்க. அதுக்குச் சில மாசம் முன்னாடிதான் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவைப் பிடிச்சு, ஆம்பளைங்களைக் கொன்னுட்டு, பொண்ணுங்களையும் குழந்தைங்களையும் அடிமையா வித்துச்சு. நாடகம் பார்க்க உக்காந்திருந்தது அதே ஊர்க்காரங்க. அவங்க முன்னாடி, தோத்தவங்க வீட்டுப் பொண்ணுங்களை அழ வெச்சுக் காட்டுறாரு மனுஷன்! எனக்கு இதை நினைச்சாலே புல்லரிக்குது.

நடிகைங்களைப் பத்தி மட்டும் ஒரு மணி நேரம் பேசலாம். ஹெக்டரோட அம்மா, ராணி ஹெக்குபாவா கேத்தரின் ஹெப்பர்ன், ஹெக்டர் மனைவி ஆண்ட்ரோமகியா வனெசா ரெட்கிரேவ், இந்தப் போருக்கே காரணம்னு சொல்ற ஹெலனா ஐரீன் பாப்பாஸ். ஹெலனை முதல்ல முழுசாக் காட்டவே மாட்டாங்க, பலகை இடுக்குல அந்தக் கண்ணு மட்டும்தான் தெரியும்.

ஆனா என்னைத் தூங்க விடாதது இவங்க யாரும் இல்ல, டால்திபியஸ்னு ஒரு கிரேக்கத் தூதன். ப்ரையன் ப்ளெஸ்ட் பண்ணியிருப்பாரு. கிரேக்கத் தளபதிங்க உள்ள உக்காந்து முடிவு எடுப்பாங்க, இந்த ஆளு வெளிய வந்து சொல்லணும். அவ்வளவுதான் அவன் வேலை. ஆண்ட்ரோமகி கையில சின்னப் பையன் இருக்கான், அஸ்டியனாக்ஸ். அவனைப் பத்தி ஒரு உத்தரவு வந்திருக்கு. டால்திபியஸுக்கு வாயே வரல. அவளா ஒவ்வொண்ணாக் கேக்குறா. என் புள்ளைக்கு வேற எஜமானா? இல்ல, எந்தக் கிரேக்கனும் அவனுக்கு எஜமான் ஆகமாட்டான். அப்ப இங்கேயே விட்டுட்டுப் போறீங்களா? அதுக்கப்புறம்தான் சொல்றான், மதில் மேலேர்ந்து தூக்கிப் போடப் போறாங்கன்னு. கிரேக்கத் தளபதி ஒடிசியஸ் சொன்ன யோசனை. ஹெக்டர் மகன் வளர்ந்தா நாளைக்குப் பழிவாங்க வருவான்னு பயம்.

இரக்கமே இல்லாத ஒருத்தன்தான் இந்த வேலைக்கு லாயக்குன்னு நாடகத்துல டால்திபியஸே சொல்லுவான். சொல்லிட்டு, அந்தப் பையனைத் தூக்கிட்டுப் போற கூட்டத்தோட போவான்.

அப்புறம் உடம்பு திரும்பி வருது, ஹெக்டரோட கேடயத்து மேல. அம்மாவை அதுக்குள்ள கப்பல்ல ஏத்திக் கொண்டு போயிட்டாங்க. புதைக்கிறதுக்குப் பாட்டி மட்டும்தான் இருக்கா. நாடகத்துல இந்த இடத்தைத் தேடிப் படிங்க. கேடயத்தோட கைப்பிடியில மகன் கை பதிஞ்ச தடத்தையும், விளிம்புல அவன் வேர்வை பட்ட கறையையும் ஹெக்குபா பார்க்குறா. "பாட்டி, நீ செத்தா என் கூட்டாளிங்களை எல்லாம் கூட்டிட்டு உன் சமாதிக்கு வருவேன்"னு பேரன் சொன்னது அவளுக்கு ஞாபகம் வருது. இப்ப கிழவி பேரனைப் புதைக்கிறா. இந்தக் குழந்தை கல்லறையில என்னன்னு எழுதுவாங்க, பயந்துபோய்க் கொன்னோம்னா, அப்படின்னு கேக்குறா. ஒரு பெரிய படையே வெட்கப்படணும்ங்க அந்தக் கேள்விக்கு.

உடம்பைக் கொண்டு வந்து கொடுக்கிறதும் அதே டால்திபியஸ்தான். ஆண்ட்ரோமகி அழுதுக்கிட்டே போனதைப் பார்த்து அவனும் அழுதிருக்கான். வர்ற வழியில ஆத்துல நிறுத்தி, பையன் காயத்தை எல்லாம் அவனே கழுவிட்டு வந்திருக்கான், கிழவிக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு. குழியும் நானே வெட்டுறேங்கிறான். நீங்களும் நானும் சேர்ந்து சீக்கிரம் முடிச்சா கப்பல் கிளம்பிடலாம்னு சொல்றான். அவன் திரும்பி வரும்போது கொண்டு வர்ற உத்தரவு, ஊருல மிச்சம் இருக்கிறதுக்கும் தீ வைங்கன்னு.