இந்தச் சூரியனை உங்கள் போனாலேயே காணாமல் ஆக்கலாம்!

(திரையில்: பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ஓவியம்)

வணக்கம், இலங்கையின் திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். போனை எடுத்து 'மோனே, சன்ரைஸ்' என்று தேடுங்கள். நீல மூட்டத்துக்குள் ஒரு செம்மஞ்சள் சூரியன் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சூரியன் எங்கே? மேகத்தோடு மேகமாகக் கரைந்துவிட்டது, இல்லையா?

வரலாறு ஒரே மூச்சில்: மோனே வரைந்தது 1872, பிரான்சின் லு ஆவ்ர் துறைமுகத்தை. 1874இல் பாரிஸ் கண்காட்சியில் லூயி லெரோய் என்ற விமர்சகர் இந்த ஓவியத்தின் 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' என்ற தலைப்பை வைத்துக் கிண்டலடிக்க, அதுவே இம்ப்ரெஷனிசம் என்று ஓர் ஓவியப் பாணிக்கே பெயராகிவிட்டது. முடிந்தது. சூரியனுக்கு வருவோம்.

(திரையில்: டச்சு பே, விடியல்)

நேற்று ஐந்தரைக்கே டச்சு பே கடற்கரையில் நின்றேன். எனக்கு முன்னால் எழும்பியிருந்தது கோட்டை வாசல் மான்கள் மட்டும்தான். சூரியன் ஒரு முழம் ஏறியதும் கண் கூசியது. போன் படத்தில் வெறும் வெள்ளை ஓட்டை. கறுப்பு வெள்ளையாக மாற்றினாலும் ஓட்டை அப்படியே இருந்தது. நிஜச் சூரியன் வானத்தைவிட அவ்வளவு பிரகாசம். மோனேயோ, சுற்றியிருக்கும் சாம்பல் நீலத்தின் வெளிச்ச அளவுக்கே செம்மஞ்சளைக் குழைத்திருக்கிறார். நிறம்தான் வேறு, வெளிச்சம் ஏறக்குறைய ஒன்று.

அதனால் என்ன? ஹார்வர்டின் நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை அழகாக விளக்குகிறார். ஒரு பொருள் எங்கே இருக்கிறது, அசைகிறதா என்று கவனிக்கும் மூளைப் பகுதிக்கு நிறம் தெரியாது, வெளிச்ச வித்தியாசம்தான் தெரியும். நிறம் பார்க்கும் பகுதி வேறு. அது 'அதோ சூரியன்' என்கிறது. மற்றது 'எங்கே, ஒன்றையும் காணோமே' என்கிறது. கல்யாண வீட்டில் பந்தி எங்கே போடுவது என்று இரண்டு மாமாமார் மல்லுக்கட்டுவதுபோல. இந்த இழுபறியில்தான் சூரியன் ஓரிடத்தில் நிற்காமல் துடிக்கிறது. விடிந்தும் விடியாத அந்தத் தூக்கக் கலக்கம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது.

ஹோட்டல் சுவர்களில் தொங்கும் சூரிய உதயப் படங்களைப் பாருங்கள். பளீர் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை. என்னைக் கேட்டால் அது பொரித்த முட்டை.

மாரி காலத்தில் மூட்டமான ஒரு காலை, உட்துறைமுகப் பக்கம் போய்ப் படம் எடுங்கள். கறுப்பு வெள்ளையாக்கியதும் சூரியன் மறைந்ததா என்று கமெண்டில் சொல்லுங்கள். எனக்கு இதுவரை நாலு தடவையும் தோல்விதான்.