காலண்டர்ல காலியா கிடக்குற நாள்: பெரிய பிசினஸ் ஆளுங்க வத்திப்போகாம இருக்கிறது எப்படி?

(திரையில்: உள்ளங்கைல அடங்குற ஒரு சின்ன டைரி, ஒவ்வொரு பக்கமா புரளுது)

வணக்கம் மக்களே. இந்த டைரிய கொஞ்சம் பாருங்க. 2017 ஜனவரில அமெரிக்கால ஒரு டிவி பேட்டி. முதலீட்டுலயே பெரும் பணக்காரர் ஆன வாரன் பஃபெட் ஒரு பக்கம், மைக்ரோசாஃப்ட் பில் கேட்ஸ் ஒரு பக்கம். பேச்சுவாக்குல கேட்ஸ் சொல்றாரு, நான் என் நாளோட ஒவ்வொரு நிமிஷத்தையும் அடைச்சு வெச்சிருந்தேன், அப்படித்தான் வேலை நடக்கும்னு நினைச்சிட்டு இருந்தேன், பஃபெட் டைரிய பாத்தப்புறம்தான் புத்தி வந்துச்சுன்னு. உடனே பேட்டி எடுக்கிறவர் அந்த டைரிய வாங்கி புரட்டுறாரு. காலி. அடுத்த பக்கமும் கிட்டத்தட்ட காலி. பஃபெட் சிரிக்கிறாரு, என்னால எதை வேணா வாங்க முடியும், நேரத்த மட்டும் வாங்க முடியாதுங்கிற மாதிரி ஒரு பதில் சொல்றாரு.

நான் ஏன் இதுலருந்து ஆரம்பிக்கிறேன்னா, "வெற்றியாளர்களின் பழக்கங்கள்"னு தேடுனீங்கன்னா வர்ற வீடியோ முக்காவாசி என்ன சொல்லுது? காலைல நாலு மணிக்கு எந்திரி, ஐஸ் தண்ணில குளி, எழுதி வை, அப்புறம் ஜிம். நாலு மணிக்கு எந்திரிச்சா பணக்காரன் ஆகலாம்னா கோயம்பேடு பூ மார்க்கெட்டுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கே கிளம்புற அக்காங்க எல்லாம் இந்நேரம் போயஸ் கார்டன்ல வீடு வாங்கியிருக்கணும். ஆப்பிள் டிம் குக் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிக்கிறவருதான், இல்லைங்கல. ஆனா அமேசான் ஜெஃப் பெசோஸ் 2018ல ஒரு மேடைல சொன்னது நேர் எதிர். அவருக்கு எட்டு மணி நேரம் தூக்கம் வேணும், காலைல காபி, பேப்பர், பசங்களோட டிபன், சும்மா வீட்டுக்குள்ள இங்கயும் அங்கயும் நடக்கிறது, பத்து மணிக்கு முன்னாடி மீட்டிங்கே கிடையாது. மூளைய கசக்குற மீட்டிங் எல்லாம் மதிய சாப்பாட்டுக்கு முன்னாடியே, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏதாவது கஷ்டமான விஷயம் வந்துச்சுன்னா நாளைக்கு பத்து மணிக்கு பாத்துக்கலாம்னு தள்ளி வெச்சிடுவாராம். ஒரு நாளைக்கு மூணு நல்ல முடிவு எடுத்தா போதும்னும் சொன்னாரு.

அப்ப எத்தனை மணிக்கு எந்திரிக்கிறோம்ங்கிறதுல ஒண்ணுமில்ல. இந்த ஆளுங்கள கொஞ்ச நாளா படிச்சு பாத்ததுல எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் எல்லார்கிட்டயும் பொதுவா தெரியுது. யாரும் கை வைக்க முடியாத ஒரு நேரத்த வெச்சிருக்காங்க. அதுக்கு காவலும் போடுறாங்க. அந்த காவல் இருக்கே, அதுதான் கஷ்டம்.

பஃபெட்டயே எடுத்துக்கோங்க. ஒமாஹால 1958ல 31,500 டாலருக்கு வாங்கின வீடு, இன்னும் அதே வீடு. 1965ல பெர்க்‌ஷயர் ஹாத்வேங்கிற கம்பெனிய கைல எடுத்தாரு, 2025 மே மாசம் 94 வயசுல "இந்த வருஷக் கடைசியோட சீஇஓ பதவிய விடுறேன்"னு அறிவிச்சாரு. அறுபது வருஷம்! நம்மில ஆறு வருஷம் கடை நடத்தினவனே கல்லால உட்கார்ந்து பெருமூச்சு விடுறான். அவரு நாள்ல பெரும்பகுதி தனி ரூம்ல உட்கார்ந்து படிக்கிறதுதான். அப்புறம் பிரிட்ஜ், அதாவது சீட்டாட்டம், வாரத்துல பல மணி நேரம். உக்குலேலி, அதாவது குட்டி கித்தார் மாதிரி ஒண்ணு, வாசிப்பாரு. லட்சக்கணக்கான பேர் வேலை பாக்குற குரூப்புக்கு தலைமை ஆபீஸ்ல ரெண்டு டஜன் பேரு சுமார்தான், ஏன்னா கம்பெனிய வாங்கினதும் அத நடத்துறவங்ககிட்டயே விட்டுடுவாரு. இத நல்லா கவனிங்க. டைரி காலியா இருக்கிறது சோம்பேறித்தனத்துல வந்தது இல்ல, அடுத்தவன நம்பி வேலைய விட்டதால வந்தது. (அவரு ஒரு நாளைக்கு அஞ்சு கோக் குடிக்கிறேன்னும் சொல்லியிருக்காரு, அத மட்டும் தயவுசெஞ்சு பழக்கம்னு எடுத்துக்காதீங்க.)

கேட்ஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். மைக்ரோசாஃப்ட்ல உச்சத்துல இருந்தப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஒரு வாரம், தன்னந்தனியா ஒரு மர வீட்டுக்கு போயிடுவாரு. அதுக்கு "திங்க் வீக்"னு பேரு. வீட்டு ஆளுங்களும் வரக்கூடாது, ஆபீஸ் ஆளுங்களும் வரக்கூடாது, சாப்பாடு மட்டும் ஒருத்தர் கொண்டு வந்து வெச்சிட்டு போவாரு. கம்பெனில யார் வேணா ஒரு ஐடியாவ எழுதி அனுப்பலாம், அந்த பேப்பர் கட்டுங்கள எல்லாம் அங்க உட்கார்ந்து படிப்பாரு. 1995 மே 26ம் தேதி, இன்டர்நெட்டுதான் இனிமே எல்லாம், நம்ம கம்பெனி திசைய திருப்பணும்னு ஒரு நீளமான மெமோ எழுதி அனுப்பினாரே, அதுக்கு பின்னாடியும் இப்படி ஒரு வாரத்து படிப்பு இருந்துச்சு. ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தா அன்னைக்கு விண்டோஸ் 95 ரிலீஸ் டென்ஷன்லயே நாள் போயிருக்கும், மூணு மாசத்துல ரிலீஸ்.

சரி, ஒரு வாரம் காட்டுக்குள்ள போறதெல்லாம் நமக்கு ஆகுற கதையா? ஆகாது. வியாபாரம் பண்றவனுக்கு ஒரு வாரம்ங்கிறது ஒரு சம்பள நாள், ரெண்டு செக் பவுன்ஸ், ஒரு ஜிஎஸ்டி தேதி. அதனால நம்ம ஊர் ஆள் ஒருத்தர பாப்போம்.

(திரையில்: காவிரிக்கரை, மோகனூர்)

நாமக்கல் பக்கத்துல மோகனூர். விவசாய குடும்பம், ஊர் அரசுப் பள்ளிக்கூடம், அப்புறம் கோயம்புத்தூர்ல டிகிரி, திருச்சி ஆர்இசில (இப்ப என்ஐடி) எம்சிஏ. 1987ல டிசிஎஸ்ல சேர்ந்தாரு, 2009ல அதே கம்பெனிக்கு சீஇஓ, 2017 பிப்ரவரில டாடா சன்ஸ் சேர்மன். என். சந்திரசேகரன். சர்க்கரை பிரச்சனைன்னு டாக்டர் எச்சரிச்சதும், நாப்பது வயசு தாண்டினப்புறம்தான் ஓடவே ஆரம்பிச்சாரு. முதல்ல நடை, அப்புறம் மெதுவா ஓட்டம், அப்படியே மும்பை, பாஸ்டன், பெர்லின், சிகாகோ, டோக்கியோ, நியூயார்க்னு முழு மாரத்தான், ஒவ்வொண்ணும் 42 கிலோமீட்டருக்கு மேல.

இதுல எனக்கு பிடிச்சது அவரு ஓடினது இல்ல, எவ்வளவு மெதுவா ஓடினாருங்கிறது. 2014 நியூயார்க் மாரத்தான்ல சுமார் அஞ்சு மணி நேரம் எடுத்தாரு. முதல்ல வர்றவங்க ரெண்டு மணி நேரம் சொச்சத்துல முடிச்சிட்டு போட்டோ எடுத்துட்டு போயிருப்பாங்க. அந்த வருஷம் அந்த ஓட்டத்துக்கு டைட்டில் ஸ்பான்சரே டிசிஎஸ்தான்! சீஇஓ என்னடான்னா அம்பதாயிரம் பேருக்கு நடுவுல நெஞ்சுல ஒரு நம்பர குத்திக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து, முன்ன பின்ன தெரியாத ஆளுங்க எல்லாம் தாண்டி போக, ஓடிட்டு இருக்காரு. ஆபீஸ்ல நம்ம உள்ள நுழைஞ்சா நாலு பேரு எந்திரிச்சு நிக்கிறாங்க, நம்ம மொக்க ஜோக்குக்கு கூட சிரிக்கிறாங்க, அத வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருந்தா மனுஷனுக்கு கொஞ்சம் கொஞ்சமா மூளை மழுங்கிடும்னு நான் நினைக்கிறேன். நீ யாரா வேணா இரு, முட்டி வலிக்கும்னு சொல்ற ஒரு இடம் வேணும். சிலருக்கு அது ஓட்டம், சிலருக்கு வீணை கிளாஸ், பக்கத்துல பத்து வயசு பொண்ணு நம்மள விட நல்லா வாசிக்கும்.

இப்ப மறுபக்கம். 2023 அக்டோபர்ல இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னாரு. 2025 ஜனவரில எல் அண்ட் டி சேர்மன் 90 மணி நேரம்னு போனாரு, வீட்ல உட்கார்ந்து எவ்வளவு நேரம் பொண்டாட்டி முகத்தையே பாத்துட்டு இருப்பீங்கன்னு அவர் கேட்டது ஊரெல்லாம் மீம் ஆச்சு. மீம விடுங்க, கணக்க பாப்போம். ஸ்டான்ஃபோர்ட்ல ஜான் பென்கவெல்னு ஒரு பொருளாதார பேராசிரியர், முதல் உலகப்போர் சமயத்துல பிரிட்டன்ல குண்டு தயாரிக்கிற ஃபேக்டரி தொழிலாளிங்க எத்தனை மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் செஞ்சாங்கங்கிற பழைய ரெக்கார்ட எடுத்து 2014ல ஆராய்ச்சி பண்ணினாரு. வாரத்துக்கு ஒரு 50 மணி நேரம் தாண்டினதும் கூடுதலா போடுற மணிக்கு கிடைக்கிற உற்பத்தி சரிய ஆரம்பிக்குது. 56 மணி நேரத்துல செஞ்சதுக்கும் 70 மணி நேரத்துல செஞ்சதுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. அந்த 14 மணி நேரம் எங்க போச்சு? காத்துல போச்சு.

உடம்பு கணக்கு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல வெளியிட்டது, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்குறவங்களுக்கு, 35லருந்து 40 மணி நேரம் பாக்குறவங்கள விட, பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால சாகுற ஆபத்து 17 சதவீதம் அதிகம்.

அரியானா ஹஃபிங்டன் இத உடம்புல அனுபவிச்சவங்க. ஹஃபிங்டன் போஸ்ட்னு நியூஸ் வெப்சைட் ஆரம்பிச்சு ரெண்டு வருஷம், 2007 ஏப்ரல், வீட்ல வேலை பாத்துட்டு இருந்தப்பவே அசதில மயங்கி விழுந்து, கண் முழிச்சு பாத்தா கன்னத்து எலும்பு முறிஞ்சிருக்கு, சுத்தி ரத்தம். டெஸ்ட் மேல டெஸ்ட் எடுத்ததுல வேற எந்த நோயும் இல்ல, தூக்கம் இல்லாததுதான் காரணம். அதுக்கப்புறம் அவங்க பண்ற ஒரு வேலை, ராத்திரி மொபைல பெட்ரூமுக்கு வெளிய சார்ஜ் போட்டு வெச்சிட்டு வர்றது. போனுக்குன்னு ஒரு குட்டி கட்டிலே செஞ்சு வித்தாங்க, போர்வையோட! கேக்க கேலியாத்தான் இருக்கும், நானும் சிரிச்சேன்.

சிரிச்சதுக்கு அப்புறம் என் கதைய சொல்லணும். நான் ஒரு சின்ன ஆஃப்செட் பிரஸ் நடத்துறேன், கல்யாண பத்திரிகைதான் பெரும்பாலும். ரெண்டு வருஷம் முன்னாடி தை மாச சீசன், தொடர்ந்து பதினோரு நாள் ராத்திரி ஒரு மணி ரெண்டு மணி, எல்லா ப்ரூஃபும், அதாவது அடிக்கிறதுக்கு முன்னாடி தப்பு பாக்குற தாள், நானேதான் பாப்பேன், யாரையும் நம்ப மாட்டேன். ஒரு பத்திரிகைல கிழமை சரியா இருக்கு, தேதி ஒரு நாள் முன்ன போயிருக்கு. எண்ணூறு கார்டு அடிச்சு, மடிச்சு, கவர் போட்டு, மஞ்சள் தடவி, பொண்ணு வீட்டுக்கு போய் சேர்ந்தப்புறம் அந்த வீட்டு பாட்டிதான் காலண்டர பக்கத்துல வெச்சு பாத்து கண்டுபிடிச்சாங்க. மறுபடியும் பிளேட்டு, பேப்பர், கூலி எல்லாம் என் கைக்காசு. காசு போனது கூட பரவால்ல, அபசகுனம்னு அந்த அம்மா அழுதது இன்னும் காதுல கேக்குது. நல்லா தூங்கியிருந்தா எனக்கும் அது கண்ணுல பட்டிருக்கும்.

இந்த மாதிரி வீடியோல சொல்லாம விடுற ஒரு விஷயம் இருக்கு. கேட்ஸ் ஒரு வாரம் தனியா போனாருன்னா அந்த வாரம் வீட்ல குழந்தைங்கள யாரோ பாத்துக்கிட்டாங்க. பெசோஸ் காலைல சும்மா நடக்கிறாருன்னா பத்து மணிக்கு முன்னாடி வர்ற பிரச்சனைய வேற யாரோ தாங்குறாங்க. நம்ம சென்னை பொண்ணு இந்திரா நூயி, பெப்சிகோவ 2006லருந்து 2018 வரைக்கும் நடத்தினவங்க, அவங்க சொன்ன பால் கதை நிறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும். 2000ல கம்பெனிக்கு பிரசிடென்ட் ஆக்க போறாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு ஓடி வர்றாங்க, அவங்கம்மா வாசல்லயே, சேதிய அப்புறம் சொல்லு, முதல்ல போய் பால் வாங்கிட்டு வான்னு சொல்றாங்க. புருஷன் வீட்லதான் இருக்காரு, களைப்பா இருக்காருன்னு அவர்கிட்ட சொல்லல. கிரீடத்த கராஜ்லயே வெச்சிட்டு வான்னு அம்மா சொன்னாங்களாம். இத எல்லா மேடைலயும் பணிவுக்கு உதாரணமா சொல்றாங்க. எனக்கென்னவோ கோபம்தான் வருது. நூயி இந்த கதைய சொன்ன 2014 பேட்டிலயே, ஒரு பொண்ணால எல்லாத்தையும் ஒரே நேரத்துல பிடிக்க முடியாதுன்னு வெளிப்படையாவே சொன்னாங்க. வீட்ல ஒருத்தர் பேலன்ஸா இருக்கிறதுக்கு இன்னொருத்தர் முதுகு வளையுதான்னு பாத்துக்கணும்.

அப்ப நம்மள மாதிரி ஆளு என்ன பண்றது? சலூன் கடைய பாருங்க. நம்ம பக்கம் முக்காவாசி ஊர்ல செவ்வாய்க்கிழமை லீவு. யாராவது சண்டை போடுறோமா? திங்கக்கிழமையே போய் வெட்டிட்டு வந்துடுறோம், இல்ல புதன் வரைக்கும் பொறுத்துக்கிறோம். லீவு எப்பன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சா வாடிக்கை எங்கயும் ஓடிடாது. இத புரிஞ்சிக்க எனக்கு எண்ணூறு பத்திரிகை தேவைப்பட்டுச்சு.

நான் பண்ணது ரொம்ப சாதாரணம். புதன்கிழமை மத்தியானம் ரெண்டுலருந்து அஞ்சு வரைக்கும் பிரஸ்ல இருக்க மாட்டேன், போர்டுலயே எழுதி ஒட்டிட்டேன். முதல் மாசம் அந்த மூணு மணி நேரமும் மொபைல நோண்டியே போச்சு, உண்மைய சொல்றேன். அப்புறம்தான் பக்கத்து கண்மாய் கரைல நடக்க ஆரம்பிச்சேன், சும்மாதான், காதுல எதையும் மாட்டாம. நடக்கிறப்ப புது யோசனை அதிகமா வருதுன்னு ஸ்டான்ஃபோர்ட்ல 2014லயே ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு, உட்கார்ந்திருக்கிறத விட சராசரியா 60 சதவீதம் கூட. எனக்கு அங்க வந்த யோசனை ஒண்ணே ஒண்ணு, ப்ரூஃப் பாக்க பைண்டிங் செக்‌ஷன் பையனுக்கு சொல்லிக் குடுத்துடலாம்ங்கிறது. அவன் என்ன விட கூர்மை. போன மாசம் நான் ஓகே பண்ண ஒரு கார்டுல மாப்பிள்ளை இனிஷியல் தப்புன்னு நிறுத்தி வெச்சான்.

போனு இப்ப ராத்திரி சமையக்கட்டுல மிக்ஸி பக்கத்துல தூங்குது. அலாரத்துக்கு ஒரு பழைய மாடல் கடிகாரம் வாங்கினேன், அந்த டிக் டிக் சத்தம்தான் கொஞ்சம் இம்சை. ஆரம்பிச்ச முதல் நாள் காலைல எடுத்து பாத்தா ஒரு பெரிய பார்ட்டிகிட்டருந்து பதினொண்ணே முக்காலுக்கு நாலு மிஸ்டு கால், வயித்துல புளிய கரைச்சிருச்சு, பல்லு கூட விளக்காம திருப்பி கூப்பிட்டேன். "ஒண்ணுமில்லண்ணே, தூக்கம் வரல, சும்மாதான் அடிச்சேன்"ங்கிறாரு.