பல் எடுத்த பிறகு சாப்பாடு

நேயர்களுக்கு வணக்கம். தேனி மாவட்டம் கம்பம் ஊரில் பல் மருத்துவம் பார்க்கிறேன். பல் எடுத்து முடித்ததும், வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே சைகையில் எல்லாரும் கேட்பது, "என்ன சாப்பிடலாம்?" என்றுதான். நான் முதலில் சொல்வது சாப்பாட்டைப் பற்றி இருக்காது. ஒரு நாள் முழுக்க எதையும் உறிஞ்சாதீர்கள், எதையும் துப்பாதீர்கள் என்பேன்.

முழங்காலில் அடிபட்டால் பொருக்குத் தட்டுகிறது அல்லவா? அதுபோலப் பல் இருந்த குழியிலும் ரத்தம் உறைந்து மூடிக்கொள்ளும். அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் அதுதான் மூடி. உறிஞ்சினாலோ, காறித் துப்பினாலோ, வேகமாகக் கொப்பளித்தாலோ உறைந்த ரத்தம் பெயர்ந்து வந்துவிடும். எலும்பு வெளியே தெரிந்துவிட்டால் இரண்டு மூன்று நாள் கழித்துக் காது வரைக்கும் தெறிக்கிற வலி வரும். இதை 'டிரை சாக்கெட்' என்கிறோம். கீழ்க் கடைவாய்ப் பல், அதிலும் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும், பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இது அதிகம் வரும்.

நம்ம ஊர்ப் பன்னீர் திராட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். அதை எப்படிச் சாப்பிடுகிறோம்? உதட்டில் வைத்து அமுக்கி, சதையை உறிஞ்சி, கொட்டையைத் துப்புகிறோம். கூடாது என்று சொன்ன இரண்டுமே அதில் இருக்கின்றன. ஒரு வாரம் போகட்டும், அப்புறம் சாப்பிடலாம். இளநீர் நல்லதுதான், ஆனால் ஸ்ட்ரா போட வேண்டாம். டம்ளரில் ஊற்றச் சொல்லிக் குடியுங்கள். முருங்கைக்காயைச் சப்புவதும் அப்படித்தான், தள்ளிப்போடுங்கள்.

கடித்துக்கொள்ளக் கொடுத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். எடுத்த பிறகு எச்சிலில் கொஞ்சம் சிவப்புத் தெரியும். துளி ரத்தம் எச்சிலில் கலந்தாலே வாய் நிறைய ரத்தம் மாதிரிதான் தெரியும். பஸ் ஜன்னலில் தலையை நீட்டித் துப்பிக்கொண்டே போனால் நிற்கிற ரத்தமும் நிற்காது. எச்சிலை விழுங்கிவிடுங்கள், ஒன்றும் ஆகாது.

பல் எடுக்கப் போட்ட ஊசியால் மரத்துப்போன உணர்வு போக இரண்டு மூன்று மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை மெல்ல வேண்டாம். உதட்டையும் கன்னத்தையும் நீங்களே கடித்துவிடுவீர்கள், வலியே தெரியாது. குழந்தைகளைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். பத்தியம் என்று வெறும் வயிற்றோடு கிடப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். புண் ஆறச் சத்து வேண்டாமா? வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டால் வயிறும் புண்ணாகும். தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து சாப்பிடுங்கள். ஆறிய இட்லி, கேழ்வரகுக் கூழ், மோர், மசித்த வாழைப்பழம், மறுநாள் வேகவைத்த முட்டை, எல்லாம் சரி. எதையும் மறுபக்கத்தில் மெல்லுங்கள். காபி, டீ, ரசம் எதுவானாலும் முதல் நாள் ஆறவைத்துத்தான். சூடு பட்டால் ரத்தக் கசிவு கூடும். முறுக்கு, நேந்திரங்காய் சிப்ஸ், பொரி இவை குழிக்குள் குத்தும். புட்டும் தேங்காய்ப்பூவும் பொடிப்பொடியாகப் போய் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். காரம் இரண்டு மூன்று நாள் குறையட்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். பல் எடுத்தால் ஐஸ்கிரீம் என்று வீட்டில் வாங்கிக் கொடுப்பார்கள். உங்களுக்குக் குளிர்ந்த மோரே போதும்.

விடியற்காலையில் ஜீப் ஏறிக் கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் அந்தப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குப் போகிற அக்காமார்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். "நாளைக்கு வேலைக்குப் போகலாமா?" என்பதுதான் அவர்கள் கேள்வி. ஒரு நாள் கூலி போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் ஒரு நாள் இருந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஏலக்காய் செடியின் அடித்தூரில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்துதான் பறிக்க வேண்டும். குனிந்தால் தலைப்பக்கம் ரத்தம் ஏறி நின்ற கசிவு திரும்பவும் தொடங்கலாம். அங்கே குளிருக்கு வாயில் ஒதுக்குகிற வெற்றிலை புகையிலையும் கூடாது. குறைந்தது மூன்று நாள், முடிந்தால் புண் ஆறும் வரை. வலிக்கிறது என்று குழிக்குள்ளேயே புகையிலையோ மஞ்சள்தூளோ கிராம்போ வைத்து அடைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், புண் கெட்டுவிடும்.

மதுவும் வேண்டாம். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்திருந்தால், அது முடிந்த பிறகும் மூன்று நாள் வரை தொடக் கூடாது. வாந்தியும் படபடப்பும் வரலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிக்கு ஆஸ்பிரினை நீங்களாக வாங்கியும் போடாதீர்கள்.

ஒரு நாள் கழிந்ததும், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பைக் கரைத்து, சாப்பிட்ட பிறகெல்லாம் வாயில் வைத்திருங்கள். கொப்பளிக்க வேண்டாம். தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துவிட்டு, வாயைத் திறந்து தானாக வழியவிடுங்கள்.

சுத்தமான பஞ்சுத்துணியை வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்கவில்லை என்றாலோ, மூன்றாம் நாளுக்கு மேல் வலியோ வீக்கமோ குறையாமல் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ பல் எடுத்த இடத்துக்கே திரும்பப் போங்கள். எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் காலை வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வணக்கம்.