எச்பிவி 16: மாறாமல் இருக்கும் வைரஸ்தான் ஆபத்தானது

(திரையில்: ஒரு லேப் ரிப்போர்ட். பெயர், வயது, முகவரி எல்லாம் மறைக்கப்பட்டிருக்கின்றன.)

வணக்கம். இந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எச்பிவி என்பது கர்ப்பப்பை வாய் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ். சென்னையில் எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் பல லேப்களில் இப்படித்தான் மூன்று வரி வரும். எச்பிவி 16: கண்டறியப்பட்டது. எச்பிவி 18: இல்லை. அதிக ஆபத்துள்ள மற்ற வகைகள்: இல்லை. அவ்வளவுதான். கையில் வாங்கியவருக்குக் கண்ணில் படுவது "கண்டறியப்பட்டது" என்ற சொல் மட்டும்தான், அதற்கப்புறம் கையும் ஓடாது காலும் ஓடாது, வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று தெரியாது, ஃபோனை எடுத்துத் தேடினால் எடுத்த எடுப்பிலேயே புற்றுநோய் என்று வந்து நிற்கும்.

ஆனால் அந்த மூன்று வரியில் டாக்டர் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். 16-ஆ, 18-ஆ, வேறா? அந்த 16-க்குள்ளேயும் ஏகப்பட்ட விதங்கள் உண்டு, அவை எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ரிப்போர்ட்டில் வராத அந்த விஷயத்தைத்தான் இந்த வீடியோவில் பேசப்போகிறோம், ஏனென்றால் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் எப்படி வருகிறது என்பதற்கான விடை பெரிய அளவுக்கு அதற்குள்தான் இருக்கிறது.

(திரையில்: வட்டமான டிஎன்ஏ. அதன் மேல் ஒவ்வொரு மரபணுவாகத் தோன்றுகிறது.)

எச்பிவி ரொம்பச் சின்ன வைரஸ். மனித டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து நீளம் என்றால், இது 8,000 எழுத்துக்கும் கொஞ்சம் குறைவு. இப்போது நான் வாசித்துக்கொண்டிருக்கும் இந்த ஸ்கிரிப்ட்டும் ஏறக்குறைய அந்த அளவுதான். அதை வைத்துக்கொண்டு அது தோல் செல்லுக்குள் நுழைய வேண்டும், ஒளிந்திருக்க வேண்டும், பெருக வேண்டும், வெளியே வர வேண்டும். எட்டு மரபணுதான் இருக்கிறது, அதில் மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எல்1 என்பது வைரஸின் வெளிக்கூட்டைக் கட்டுவது. ஈ6, ஈ7 இரண்டும் நம் செல்லின் கட்டுப்பாட்டைக் கையில் எடுப்பவை.

ஒரு வைரஸுக்கு 16 என்றோ 18 என்றோ எண் கொடுப்பது இந்த எல்1-ஐ வைத்துத்தான். ஏற்கெனவே தெரிந்த வகைகளோடு ஒப்பிடும்போது எல்1 எழுத்துகளில் 10 சதவீதமாவது வேறாக இருந்தால் அது புது வகை. இப்படி 200-க்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். கையில் காலில் வரும் சாதாரண மருவுக்குக் காரணமான வகைகளும் இதில் சேர்த்திதான், அவற்றால் கர்ப்பப்பை வாய்க்கு ஒன்றும் இல்லை. புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாகச் சொல்லப்படுபவை ஒரு டஜன் வகைகள். அந்த டஜனிலும் எச்பிவி 16 மட்டுமே உலகில் வரும் கர்ப்பப்பை வாய் புற்றுநோய்களில் பாதிக்கும் மேல் காரணம், 18-ஐயும் சேர்த்தால் சுமார் 70 சதவீதம். புற்றுநோய்த் திசுவுக்குள் 16 இருப்பதை 1983-லும் 18 இருப்பதை 1984-லும் காட்டியவர் ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹௌசன். இந்த வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர் சொன்ன காலத்தில் பெரும்பாலானவர்கள் ஹெர்பீஸ் வைரஸைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இப்போது 16-க்குள் போவோம்.

கொரோனா காலத்தில் டெல்டா, ஒமிக்ரான் என்று மாதத்துக்கு ஒரு பெயர் கேட்டோம். அது ஆர்என்ஏ வைரஸ், நகல் எடுக்கும்போது நிறையப் பிழை விடும், அதனால் வேகமாக மாறும். எச்பிவி அப்படி இல்லை. அது தன் டிஎன்ஏவை நகலெடுக்க நம் செல்லின் இயந்திரத்தையே பயன்படுத்துகிறது, நம் செல் பிழையைப் பார்த்துத் திருத்தக்கூடியது. அதனால் எச்பிவி மிக மெதுவாகத்தான் மாறும். இன்றைக்கு எச்பிவி 16-ல் ஏ, பி, சி, டி என்று நான்கு பெரிய கிளைகள் இருக்கின்றன, அவை பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர்களோடு சேர்ந்தே ஊர் ஊராக நடந்து வந்தவை. பி, சி இரண்டும் ஆப்பிரிக்காவில் அதிகம். ஏ கிளையில் முதல் மூன்று உட்கிளைகளுக்கு ஐரோப்பிய வகை என்று பெயர், ஏ4 கிழக்காசியாவில் அதிகம். டி கிளையை அமெரிக்கக் கண்டங்களில் நிறையப் பார்க்கிறார்கள். இந்தியாவில் செய்த ஆய்வுகளில் பெரும்பாலும் கிடைப்பது ஏ கிளைதான், ஐரோப்பிய வகை என்ற பெயரைப் பார்த்து அது வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் வருவது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரு கிளைக்கும் இன்னொன்றுக்கும் மொத்தமே ஒன்றிலிருந்து 10 சதவீதம் வரைதான் எழுத்து வித்தியாசம். ஆனாலும் அது பொருட்டாகிறது. ஏ4, டி2, டி3 ஆகிய உட்கிளைகள் தங்கியிருந்த பெண்களுக்குப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்ததை அமெரிக்க ஆய்வுகள் காட்டின. அதிலும் டி2, டி3 வந்தால் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய் அதிகம். அது கர்ப்பப்பை வாயின் உட்புறச் சுரப்பிச் செல்களில் தொடங்குவது, மேலாகத் தடவி எடுக்கும் பாப் ஸ்மியரில் எளிதில் சிக்காது. எந்த வகை வைரஸ், எந்தக் கிளை என்பது நோய் எந்த இடத்தில் முளைக்கும், எந்த டெஸ்ட்டில் தப்பிக்கும் என்பது வரைக்கும் போகிறது.

(திரையில்: ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு பெண்ணிடம் கிடைத்த வைரஸ்.)

இந்த வீடியோ செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அடுத்து வரும் ஆய்வினால்தான். 2017-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த லிசா மிராபெல்லோவும் அவருடைய குழுவினரும் 5,500-க்கும் மேற்பட்ட எச்பிவி 16 மாதிரிகளை எடுத்து ஒவ்வொன்றின் முழு டிஎன்ஏவையும் எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். சிலருக்குப் புற்றுநோய் வந்திருந்தது, சிலருக்கு அதற்கு முந்தைய நிலை, சிலருக்குத் தொற்று மட்டும் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. முதலில் தெரிந்தது, எச்பிவி 16 என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் ஆயிரக்கணக்கான தனித்தனி வடிவங்கள் இருக்கின்றன என்பது. அதுவே ஆச்சரியம்தான், மெதுவாக மாறும் வைரஸ் என்றுதானே இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்துத் தெரிந்ததுதான் பெரிசு. பொதுவாக நாம் என்ன நினைப்போம்? வைரஸ் உருமாறினால் வீரியம் கூடும், உருமாறிய வைரஸ்தான் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று. இங்கே நேர் எதிராக இருந்தது. புற்றுநோய் வந்த பெண்களிடம் இருந்த வைரஸ்களில் ஈ7 மரபணு கிட்டத்தட்ட மாறவே இல்லை. தொற்று மட்டும் இருந்து நோய் வராதவர்களின் வைரஸ்களில்தான் ஈ7-ல் அங்கங்கே மாற்றங்கள் கிடைத்தன. ஈ7 மரபணுவிலிருந்து வரும் புரதம் அமினோ அமிலம் என்ற கண்ணிகளால் ஆன சங்கிலி, மொத்தமே 98 கண்ணிதான். அந்த 98-ல் கை வைத்தால் வைரஸால் புற்றுநோயை உண்டாக்க முடிவதில்லை.

ஏன் என்று கேட்டால், ஈ7 செய்யும் வேலை அப்படி. நம் செல்களில் ஆர்பி என்று ஒரு புரதம் இருக்கிறது, செல் தேவையில்லாமல் பிரியாதபடி பிடித்துவைத்திருப்பது அதன் வேலை. ஈ7 நேராகப் போய் ஆர்பியைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும், பிடி விட்டதும் செல் பிரியத் தொடங்கும். அப்படித் தாறுமாறாகப் பிரியும் செல்லை நிறுத்தவும் தேவைப்பட்டால் சாகவைக்கவும் பி53 என்று இன்னொரு புரதம் உண்டு, அதை ஈ6 அழித்துவிடும். இரண்டு காவலும் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லவே தேவையில்லை. பயாப்ஸி, அதாவது திசுவை எடுத்துச் சோதிக்கும் டெஸ்ட், அதன் ரிப்போர்ட்டில் சில சமயம் "பி16 பாசிட்டிவ்" என்று எழுதியிருப்பார்கள், நிறையப் பேர் அதை எச்பிவி 16 என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு. பி16 நம் செல்லின் சொந்தப் புரதம், ஆர்பி செயலிழந்துபோனால் செல்லுக்குள் அது குவியும். அதைக் காட்ட லேபில் திசுவுக்குச் சாயம் ஏற்றுவார்கள், மைக்ராஸ்கோப்பில் பழுப்பு நிறமாகத் தெரியும் அந்தச் சாயம், ஈ7 உள்ளே வேலை பார்க்கிறது என்பதற்கான தடயம்.

அப்படியானால் நோய் வராதவர்களின் வைரஸில் அந்த மாற்றங்களை யார் செய்தது? ஒரு பங்கு நம் உடம்புதான். அபோபெக்3 என்ற நொதிகள் நம் செல்களில் இருக்கின்றன, வைரஸ் டிஎன்ஏவில் சி (C) என்ற எழுத்தை டி (T) என்று மாற்றிக் கெடுப்பது அவற்றின் வழக்கம். 2020-ல் வந்த ஆய்வில், இந்த மாதிரியான தழும்புகள் அதிகம் இருந்த எச்பிவி 16 தொற்றுகள் உடம்பை விட்டு நீங்குவதோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. நாம் சமைத்துக்கொண்டு, பஸ் பிடித்துக்கொண்டு, ஆபீஸ் போய்க்கொண்டு இருக்கும்போதே உள்ளே இந்த வேலை நடக்கிறது.

எச்பிவி தொற்றுகளில் பத்தில் ஒன்பது இரண்டு ஆண்டுக்குள் தானாகவே போய்விடும். தங்கிவிடும் அந்த ஒன்றுதான் பிரச்சினை, அதுவும் புற்றுநோயாக முற்ற பெரும்பாலும் 15, 20 ஆண்டு எடுக்கும். அத்தனை ஆண்டு அவகாசம் கொடுக்கும் புற்றுநோய் அதிகம் கிடையாது. அப்படியிருந்தும் இந்தியாவில் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இது வருகிறது, 75,000-க்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

(திரையில்: சென்னை வரைபடம்.)

சென்னைக்கு இதில் ஒரு வரலாறு இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980-களின் தொடக்கத்திலிருந்தே நகரத்தின் புற்றுநோய்க் கணக்கைப் பதிவு செய்து வருகிறது. அந்தக் காலத்தில் சென்னைப் பெண்களுக்கு வந்த புற்றுநோய்களில் முதலிடம் கர்ப்பப்பை வாய்க்கு. இப்போது அது நன்றாகக் குறைந்து மார்பகப் புற்றுநோய் முந்திவிட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வு ஒன்றும் உலகம் முழுக்கப் பேசப்பட்டது: நர்ஸ்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, எங்காவது வெள்ளைப் படலம் தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவு எளிமையான சோதனைதான். 2007-ல் வந்த முடிவுகளின்படி, சோதனை செய்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது.

சரி, இத்தனை கேட்டபிறகு "அப்போ என் வைரஸ் எந்தக் கிளை என்று டெஸ்ட் எடுக்கலாமா" என்று தோன்றும். வேண்டாம். இன்றைக்கு அது ஆராய்ச்சிக்கூட விஷயம், அதை வைத்து உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை. மாற்றுவது எண்தான். 16 அல்லது 18 என்று வந்தால் தள்ளிப்போடாமல் கால்போஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள், அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை. மற்ற வகை என்றால் இன்னொரு டெஸ்ட் வைத்து, தேவையா இல்லையா என்று டாக்டர் முடிவு செய்வார். முந்தைய நிலையிலேயே கண்டுபிடித்தால் அந்தத் திசுவை மட்டும் சூட்டாலோ குளிராலோ அழித்துவிடலாம், அல்லது வெட்டி எடுத்துவிடலாம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ரிப்போர்ட்டை விட இதுதான் நிறைய வீடுகளை உடைக்கிறது. இது உடலுறவு வழியாகப் பரவும் வைரஸ் என்பதால், பாசிட்டிவ் வந்தால் "யாரிடமிருந்து வந்தது" என்ற கேள்வி உடனே எழும். இந்த டெஸ்ட்டால் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. வைரஸ் எப்போது வந்தது என்று ரிப்போர்ட் காட்டாது, பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு இப்போது தலைகாட்டலாம், உடலுறவு உள்ள பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்க்கையில் ஒருமுறையாவது இது வந்து போகிறது. மனைவி மேலோ கணவர் மேலோ சந்தேகப்பட இதில் ஒரு ஆதாரமும் இல்லை. தயவுசெய்து இந்த இடத்தை மட்டுமாவது வீட்டில் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்தது தடுப்பூசி. இத்தனை கிளை இருக்கிறதே, ஊசி எல்லாவற்றுக்கும் கேட்குமா? கேட்கும். ஊசியில் இருப்பது எல்1 புரதத்தால் ஆன வெற்றுக்கூடு, உள்ளே டிஎன்ஏ கிடையாது, அதனால் ஊசியால் தொற்று வர வழியே இல்லை. ஒரே வகைக்குள் கிளைக்குக் கிளை எல்1-ல் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான் என்பதால், 16-க்கு உருவாகும் எதிர்ப்புச் சக்தி 16-ன் எல்லாக் கிளைகளையும் பிடிக்கிறது. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 2023-ல் வந்தது, 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிரானது. கார்டசில் 9 இன்னும் ஐந்து வகைகளைச் சேர்த்துப் பிடிக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி கூடுதல். 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸ்கூடப் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது, அதற்கு வலுவான ஆதாரம் கொடுத்ததில் இந்தியாவில் பத்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழக அரசும் 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தது. பள்ளியில் கேட்டால் சம்மதம் கொடுங்கள்.

ஊசி போட்டாயிற்று, இனி டெஸ்ட் வேண்டாம் என்று விட்டுவிடக்கூடாது, ஊசியில் இல்லாத வகைகள் மிச்சம் இருக்கின்றன. 30 வயது தாண்டிய பெண்கள் உங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாய் பரிசோதனை எங்கே, என்றைக்கு என்று கேளுங்கள். மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். உறவுக்குப் பின் ரத்தம் படுவது, மாதவிடாய் நின்றபிறகும் ரத்தப்போக்கு, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இதில் எது இருந்தாலும் வயசெல்லாம் பார்க்காமல் இந்த வாரமே டாக்டரிடம் போங்கள், கூச்சமாக இருந்தால் அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள்.