சொல்லைப் பிரித்தால் பொருள் தெரியும், பாதி தூரம்

அவையோருக்கு வணக்கம்.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்கள்தான் இங்கே இருக்கும் எல்லோரும். ‘படித்தான்’ என்று கொடுத்தால் படி, த், த், ஆன் எனப் பிரித்து, பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி என்று பெயர் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆங்கிலச் சொல் வந்தால் மட்டும் அந்தக் கத்தியை உறையில் போட்டுவிட்டு முழுச் சொல்லையும் நெட்டுருப் போட உட்கார்ந்துவிடுகிறோம்.

எல்லா ஆங்கிலச் சொல்லையும் வெட்ட முடியாது. வாட்டர், ஹவுஸ், ஈட், ஸ்லீப் போன்ற அன்றாடச் சொற்கள் ஜெர்மானிய வழி வந்தவை. அவற்றில் லத்தீனைத் தேடுவது வீண் வேலை. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு வழியாகவும், மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் வழியாக நேரடியாகவும் லத்தீனும் கிரேக்கமும் ஆங்கிலத்துக்குள் இறங்கின. சட்டம், மருத்துவம், அறிவியல், நிர்வாகம் இந்தத் துறைச் சொற்களில்தான் நம் கத்திக்கு வேலை.

‘ஸ்பெக்ட்’ என்ற வேரை எடுங்கள். லத்தீனில் ‘பார்’. உள்ளே நுழைந்து பார்த்தால் இன்ஸ்பெக்ட். பின்னோக்கிப் பார்த்தால் ரெட்ரோஸ்பெக்ட். முன்னே பார்த்தால் ப்ராஸ்பெக்ட், அதாவது வரவிருக்கும் வாய்ப்பு. சுற்றுமுற்றும் பார்த்துக் காலை வைப்பவர் சர்கம்ஸ்பெக்ட். கீழிருந்து ஒரு மாதிரியாகப் பார்த்தால்? சஸ்பெக்ட், சந்தேகம்.

கிரேக்கத்தில் ‘டோம்’ என்றால் வெட்டு. அணுவைக் குறிக்கும் ஆட்டம் என்ற சொல்லில் முதலில் நிற்கும் ‘அ’ இன்மையைச் சொல்கிறது: வெட்ட முடியாதது. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டபின் அணுவுக்கும் உட்கூறு உண்டு என்றாகிவிட்டது. பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது. மருத்துவம் படிப்பவர்களுக்கு இந்த வேர் தினமும் உதவும். ‘எக்’ என்றால் வெளியே; ஆகவே ‘எக்டமி’ என்று முடிந்தால் ஓர் உறுப்பையோ அதன் பகுதியையோ வெட்டி வெளியே எடுப்பது, அப்பெண்டெக்டமி போல. வெறும் ‘ஆட்டமி’ என்றால் கீறித் திறப்பது மட்டும். ‘ஆஸ்டமி’யில் இருப்பதோ வேறு வேர், ‘ஸ்டோமா’, வாய். கொலாஸ்டமி என்பது பெருங்குடலுக்குப் புதிய வாய் வைப்பது. எழுத்தில் சிறு வேறுபாடு, நோயாளிக்கு மிகப் பெரிய வேறுபாடு.

வேர் தெரிந்தும் பலர் தடுமாறும் இடம் புணர்ச்சி. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். லத்தீனும் அப்படித்தான். இன்மை காட்டும் ‘இன்’, லீகல் முன் ‘இல்’ ஆகிறது, மெச்சூர் முன் ‘இம்’, ரெகுலர் முன் ‘இர்’. ‘நோக்கி’ என்று பொருள் தரும் ‘அட்’ இன்னும் மோசம். அடுத்து வரும் மெய்யாகவே பெரும்பாலும் மாறிவிடும். சொல்லின் தொடக்கத்தருகே ஒரே மெய் இரண்டு முறை வந்தால், அங்கே ஒரு முன்னொட்டு கரைந்து நிற்கிறதா என்று பாருங்கள். எழுத்துப்பிழையும் இதனால் குறையும். அக்காமடேட் என்பதில் எத்தனை சி, எத்தனை எம்? அட், காம், மோட் என்று பிரியுங்கள். ‘அட்’ ‘அக்’ ஆனதால் இரண்டு சி. காமின் எம்மும் மோடின் எம்மும் சேர்ந்து இரண்டு எம். டிஸப்பாயின்ட்டில் ஒரே எஸ், ஏனென்றால் டிஸ்ஸுக்குப் பின் வருவது அப்பாயின்ட்.

வேரும் உருமாறும். நம் ‘வா’ என்பதே வருகிறான், வந்தான் என்று முகம் மாறுகிறதல்லவா? ‘செய்’ என்னும் லத்தீன் வேர் ஃபேக்டரியில் ‘ஃபேக்ட்’, பெர்ஃபெக்டில் ‘ஃபெக்ட்’, எஃபிஷியன்ட்டில் ‘ஃபிக்’. ஒரு வடிவத்தை மட்டும் படித்தவர் மற்ற இரண்டையும் அந்நியர் என்று அனுப்பிவிடுவார்.

இனி, கத்தி கையை வெட்டும் இடங்கள். பெடலிலும் பெடஸ்ட்ரியனிலும் இருப்பது லத்தீன் ‘பாதம்’. பீடியாட்ரிஷியனில் இருப்பது கிரேக்கக் ‘குழந்தை’. பிரிட்டன் முறையில் பின்னதை ஏ, இ என்று இரண்டு உயிரெழுத்து போட்டு எழுதுவதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அமெரிக்க முறையில் அந்த ஏ போய்விட்டது. இன்ஃப்ளேமபிள் இன்னும் ஆபத்து. அதன் ‘இன்’ இன்மை அல்ல, ‘உள்ளே’. எளிதில் தீப்பற்றும் என்று பொருள். எரியாது என்று தவறாக எண்ணிவிடக்கூடும் என்பதால்தான் பல எச்சரிக்கைப் பலகைகளில் ஃப்ளேமபிள் என்று எழுதுகிறார்கள். ஹெலிகாப்டரை ஹெலி, காப்டர் என்று உடைப்பதும் தப்பு. ஹெலிகோ, ப்டெர்: சுருள், சிறகு.

பொருள் விலகலும் உண்டு. நாற்காலிக்கு நான்கு கால். நான்கு கால் உள்ள மேசையை நாம் நாற்காலி என்பதில்லை. மேனுஃபேக்சர் என்றால் கையால் செய்வது. இன்று அந்தச் சொல் பெரும்பாலும் இயந்திரத்துக்குத்தான். ஆகவே வேர் தருவது துப்பு. தீர்ப்பு அகராதியிடமும், சொல் வந்த வாக்கியத்திடமும் இருக்கிறது.

எப்படிப் பழகுவது? இருநூறு வேர்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்யும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பட்டியல் நினைவிருக்கும், படிக்கும்போது கைகொடுக்காது. வாரத்துக்கு ஐந்து வேர் போதும், அதுவும் நீங்கள் படிக்கும் பக்கத்தில் எதிர்ப்பட்டவையாக இருக்கட்டும். வேர் ஒன்றுக்கு ஒரு தாள். நடுவில் வேர், சுற்றிலும் ஏற்கெனவே தெரிந்த நான்கு சொற்கள், புதியவை இரண்டு அல்லது மூன்று. புதிய சொல்லுக்கு முதலில் உங்கள் ஊகத்தைப் பென்சிலில் எழுதுங்கள். பிறகு, சொற்பிறப்பும் தரும் அகராதியைத் திறந்து பாருங்கள். ஊகம் தவறினால் அழிக்காமல், எங்கே வழுக்கியது என்று பக்கத்திலேயே குறியுங்கள்: புணர்ச்சியா, போலி வேரா, பொருள் விலகலா. ‘இன்டர்’ (இடையே), ‘இன்ட்ரா’ (உள்ளுக்குள்) போன்ற இரட்டையரை ஒரே வாரத்தில் எடுக்காதீர்கள். ஒன்று ஊறிய பிறகு மற்றதைத் தொடுங்கள், இல்லையேல் இரண்டும் கலந்துவிடும்.